சம்பளச் சீட்டுக்கு முன்னால் வரி ரசீது: பல்லடம் பகுதித் தொழிலாளர்களுக்கு வீட்டுக் கடன் வழிகாட்டி

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குக் கிளம்பும் தொழிலாளி முதலில் சம்பளச் சீட்டைத்தான் தேடி எடுக்கிறார். பல்லடம் பக்கத்தில் முதலில் எடுக்க வேண்டியது வேறு தாள்: மனை இருக்கும் இடத்தின் வரி ரசீது. அதன் தலைப்பில் நகராட்சி என்று இருக்கிறதா, பேரூராட்சியா, ஊராட்சியா? எந்த அரசுத் திட்டத்துக்கு உங்களுக்குத் தகுதி உண்டு, எதற்குத் தகுதியே இல்லை என்பதில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியிலேயே முடிவாகிவிடுகிறது. வருமானம், வயது, குடும்பம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒன்றிய அலுவலகத்துக்கும் நகராட்சிக்கும் வங்கிக்கும் மாறி மாறி லீவு போட்டு அலைகிறவர்கள் ஏராளம். வாரச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் லீவு என்பது ஒரு நாள் கூலி. அதனால் வரிசையை முதலில் சரியாகப் போட்டுக்கொள்வோம்.

பல்லடம் நகரம் நகராட்சி. பக்கத்தில் சாமளாபுரம் பேரூராட்சி. இவை இரண்டும் நகர்ப்புற உள்ளாட்சிகள். இங்கே மனை இருந்தால் நகர்ப்புற வீட்டுத் திட்டம். பல்லடம் ஊராட்சி ஒன்றியத்தில் உள்ள கரைப்புதூர், கணபதிபாளையம், பருவாய், கோடங்கிபாளையம் போன்றவை ஊராட்சிகள். அங்கே ஊரகத் திட்டம். கேட்க எளிதாக இருக்கிறது. அருள்புரத்தில் நின்று பாருங்கள். சாயப்பட்டறை, பனியன் கம்பெனி, லைன் வீடுகள், பேக்கரி, செல்போன் கடை என்று திருப்பூருக்குள் நிற்பது போலவே இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் நகரம் வேறு, சட்டம் சொல்லும் நகரம் வேறு. கட்டடம் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் ஊராட்சி ஊராட்சிதான்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டின் பல ஊராட்சிகளை அருகிலுள்ள நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் நடவடிக்கையை அரசு எடுத்தது. ஆகவே ஐந்து வருடத்துக்கு முந்தைய ரசீதை நம்பாதீர்கள்; இந்த ஆண்டு ரசீது வேண்டும். அடுத்தது, நகர்ப்புறத் திட்டம் நகராட்சி எல்லையோடு நிற்பதில்லை. அறிவிக்கப்பட்ட திட்டக்குழுமப் பகுதிகளும் அதன் வரம்புக்குள் வருகின்றன. உங்கள் ஊராட்சி அப்படியொரு பகுதிக்குள் இருக்கலாம். நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்தில் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டால் தெரியும். ஒரே குடும்பம் ஊரகத் திட்டத்திலும் நகர்ப்புறத் திட்டத்திலும் சேர்ந்து வாங்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முகவரியை வைத்துத் தகுதியை முடிவு செய்வது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1949-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் வழியே, வேளாண்மைத் துறையே கிராமப்புற வீட்டுக் கடனுக்கு 90 சதவீதம் வரை உத்தரவாதம் தருகிறது. முன்பணமே கட்டத் தேவையில்லை. அங்கும் விண்ணப்பிக்கும் முன் அந்த முகவரி கிராமப்புற வரைபடத்துக்குள் வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். கடலோரக் கவுன்டி (மாவட்டம்) ஒன்றிலேயே ஒரு பகுதி உள்ளே இருக்கும், கடற்கரை நகரம் வெளியே இருக்கும். அங்கே வரைபடத்தை இணையத்திலேயே பார்த்துவிடலாம். இங்கே வரி ரசீதையும் சர்வே எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊராட்சி எல்லையில் மனை இருந்தால்

பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் 2016-ல் தொடங்கியது. பழைய இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் இடத்தில் வந்தது. சமவெளிப் பகுதிக்கு அடிப்படை உதவி 1.20 லட்சம் ரூபாய். தமிழ்நாடு அரசு அதற்கு மேல் தன் பங்காகவும் கூரைக்குப் பணம் சேர்த்துத் தருகிறது. வீடு குறைந்தது 25 சதுர மீட்டர் இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் நாடு முழுவதும் மேலும் 2 கோடி வீடுகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. இந்த உதவி கடன் கிடையாது, மானியம். அதோடு விரும்பினால் 70,000 ரூபாய் வரை குறைந்த வட்டியில் வங்கிக் கடன் பெற உதவவும் விதியில் இடம் இருக்கிறது.

இதில் யார் வரமாட்டார்கள் என்பதுதான் பல்லடத்துக்காரருக்கு முக்கியம். 2024-ல் விலக்குப் பட்டியலைத் தளர்த்தினார்கள். பைக் இருந்தால் தகுதி இல்லை, ஃபிரிட்ஜ் இருந்தால் தகுதி இல்லை என்பதெல்லாம் போய்விட்டது. யாராவது இன்னும் அதைச் சொன்னால் பழைய கதை. இப்போது பார்க்கப்படுபவை இவை. மூன்று அல்லது நான்கு சக்கர மோட்டார் வாகனம், டிராக்டர் வகை எந்திரம். 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரம்புள்ள கிசான் கடன் அட்டை. வீட்டில் ஒருவர் அரசு ஊழியர். வீட்டில் யாராவது ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் வருமானம். வருமான வரி அல்லது தொழில் வரி கட்டுகிறவர். அரசிடம் பதிவு செய்த வேளாண்மை சாராத தொழில். இரண்டரை ஏக்கர் அல்லது அதற்கு மேல் பாசன நிலம், ஐந்து ஏக்கர் அல்லது அதற்கு மேல் மானாவாரி நிலம்.

பட்டியலை நம் ஊரோடு வைத்துப் பாருங்கள். ஓவர்லாக் டெய்லருக்கு மாதம் பதினைந்தாயிரம் தாண்டுவது பெரிய விஷயமில்லை. தமிழ்நாட்டில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினாலே தொழில் வரி உண்டு. கம்பெனி பிடித்தம் செய்தால் சம்பளச் சீட்டில் தெரியும். நாலு தறி போட்டுக் கூலிக்கு நெய்பவர் வங்கிக் கடனுக்காக உத்யம் (சிறு தொழில்) பதிவு எடுத்திருப்பார். அது பதிவு செய்த தொழில். கறிக்கோழி வளர்ப்பவர் டெம்போ வைத்திருப்பார், அல்லது பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனத்தில் மூன்று ஏக்கர் இருக்கும். எல்லாரும் திட்டத்துக்கு வெளியே.

இங்கேதான் ஒரு பெரிய முரண் ஒளிந்திருக்கிறது. வங்கிக் கடனுக்கு எந்தத் தாள்கள் உங்களைத் தூக்கி நிறுத்துமோ, அதே தாள்கள் ஊரக மானியத்திலிருந்து உங்களை வெளியே தள்ளுகின்றன. பாவு ஓட்டிய பிறகு நூலை மாற்ற முடியாது, அதுபோலத்தான் இதுவும். எந்த வழியில் போகிறோம் என்பதைத் தாள் சேர்க்கும் முன்பே முடிவு செய்யுங்கள். மானியத்துக்கு உண்மையாகவே தகுதி இருந்தால் அந்த வழி. இல்லையென்றால் அதை மறந்துவிட்டு, வருமானச் சான்றுகளை இரண்டு வருடம் பொறுமையாகச் சேர்த்து வங்கி வழி. வருமானத்தை மறைத்து மானியத்துக்கும், கூட்டிச் சொல்லிக் கடனுக்கும் ஒரே நேரத்தில் முயல்வது வேண்டாம். ஆதார் எண் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் ஊரகப் பகுதியில் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. முதல் ஆண்டில் ஒரு லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். இது குடிசையில் வாழ்பவர்களுக்கான திட்டம். சொந்த மனையும் பட்டாவும் வேண்டும். ஓட்டு வீட்டிலோ லைன் வீட்டு வாடகையிலோ இருப்பவருக்கு இது பொருந்தாது.

இரண்டுக்கும் கிராம சபையைத் தவறவிடாதீர்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. பயனாளிகள் பட்டியல் அங்கேதான் வாசிக்கப்பட வேண்டும். பெயர் ஏன் இல்லை என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பட்டியலில் பெயர் ஏற்ற எவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

நகராட்சி, பேரூராட்சி எல்லையில் மனை இருந்தால்

பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பர் 1-ல் தொடங்கியது. ஐந்து ஆண்டுகள், ஒரு கோடி குடும்பங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை ஒரு பிரிவு, 6 லட்சம் வரை அடுத்தது, 9 லட்சம் வரை நடுத்தர வருமானப் பிரிவு. குடும்பத்தில் எவர் பெயரிலும் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு (நிரந்தர வீடு) இருக்கக் கூடாது. கடந்த 20 ஆண்டில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருக்கவும் கூடாது.

ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து, சொந்த மனையும் இருந்தால், நீங்களே கட்டிக்கொள்ள மத்திய அரசு 1.5 லட்சமும் மாநில அரசு குறைந்தது ஒரு லட்சமும் தரும். மற்றவர்களுக்கு வட்டி மானியம். அதன் கணக்கு இது: வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், உள்பரப்பு 120 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். கடனில் முதல் 8 லட்சத்துக்கு, 12 ஆண்டு வரை, 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளில் கடன் கணக்கில் வரவாகும். தவணை வரும் நேரத்தில் கடன் உயிரோடு இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். சீட்டு எடுத்த பணத்தை அவசரப்பட்டு மொத்தமாகக் கட்டி அசலைக் குறைத்துவிட்டால், மீதி மானியத் தவணைகள் கையை விட்டுப் போய்விடும்.

மனை விற்கும் இடங்களில் இன்னும் "2.67 லட்சம் மானியம்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது முதல் கட்டத் திட்டம். நடுத்தர வருமானப் பிரிவுக்கு 2021 மார்ச் 31-லும், குறைந்த வருமானப் பிரிவுகளுக்கு 2022 மார்ச் 31-லும் முடிந்துவிட்டது. அந்தத் தொகையைக் கணக்கில் சேர்த்து விலை பேசுகிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இடையில் நிற்கும் குடும்பங்கள்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் விசைத்தறியில் ஷிப்டு ஓட்டுகிறார். மாதம் 18,000 ரூபாய். மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங், 14,000 ரூபாய். ஆண்டுக்கு 3.84 லட்சம். மனை பல்லடம் நகராட்சிக்குள் இருந்தால் வட்டி மானியத்துக்குத் தகுதி உண்டு. அதே மனை திட்டக்குழுமப் பகுதிக்கு வெளியே ஓர் ஊராட்சியில் இருந்தால்? கணவரின் வருமானம் 15,000-ஐத் தாண்டுவதால் ஊரக மானியம் இல்லை. குடிசையில் இல்லாததால் கனவு இல்லம் இல்லை. நகர்ப்புற வட்டி மானியமும் இல்லை. ஒரே குடும்பம், ஒரே வருமானம். எல்லைக் கல் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் 1.80 லட்சம் ரூபாய் நிற்கிறது.

இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். விசைத்தறியும் பனியனும் கிராமங்களுக்குள் வந்து முப்பது நாற்பது வருடம் ஆகிவிட்டது. கிராமத்தில் இருப்பவர் விவசாயக் கூலி, நகரத்தில் இருப்பவர் சம்பளக்காரர் என்ற பழைய பிரிவை வைத்துக்கொண்டு திட்டம் போட்டால், கொங்கு நாட்டில் நடுவில் நிற்கும் இந்தக் குடும்பங்கள்தான் விடுபடுகின்றன. ஊரகத் திட்டத்தில் வராதவர்களுக்காக 2017-ல் 2 லட்சம் ரூபாய்க் கடன் வரை 3 சதவீத வட்டி மானியம் என்று ஒரு திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இன்றைய கட்டுமானச் செலவில் 2 லட்சம் அடித்தளத்தோடு முடிந்துவிடும். கிராமசபையில் இதைப் பேச வேண்டும். மனு எழுத வேண்டும்.

அதுவரை இந்தக் குடும்பத்துக்கு இருப்பது சாதாரண வங்கிக் கடன். தேசிய வங்கிகள், தமிழ்நாடு கிராம வங்கி, வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் எல்லாம் ஊராட்சி மனைக்கும் கொடுக்கின்றன. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். நடைமுறையில் வங்கி அதைவிடக் குறைத்தே கொடுக்கும் என்று திட்டமிடுங்கள். 10 லட்சம் கடன், 20 ஆண்டு, 8.5 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 8,680 ரூபாய். 32,000 வருமானம் உள்ள இந்தக் குடும்பத்தால் இது முடியும். ஆனால் அந்த 32,000 காகிதத்தில் இருக்க வேண்டும்.

சம்பளத்தைக் காகிதத்துக்குக் கொண்டுவருவது

வங்கியில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"சம்பளம் எவ்வளவுங்க?"

"வாரம் நாலாயிரத்து ஐநூறு வருங்க சார். சனிக்கிழமையானா கையில குடுத்துருவாங்க."

"பேங்க்ல போடறாங்களா?"

"இல்லீங்க. கவர்லதான்."

"பி.எஃப். நம்பர் இருக்குங்களா?"

"அது கேட்கலீங்க…"

பேச்சு அங்கேயே நின்றுவிடும். மேனேஜருக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை என்பதல்ல. கவரில் வந்த காசை ஃபைலில் வைக்க வழியில்லை.

திருப்பூர், பல்லடம் வட்டாரத்தில் சனிக்கிழமைச் சம்பளம் ஊறிப்போன பழக்கம். வாரச் சம்பளமாகவே இருக்கட்டும். அதை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். கம்பெனி மறுத்தால் நீங்களே அதே நாளில், அதே கணக்கில், முழுத் தொகையையும் கட்டிவிட்டுப் பிறகு செலவுக்கு எடுங்கள். பன்னிரண்டு மாதம் ஒழுங்காக இப்படிச் செய்த பாஸ்புக், வாய்ச் சொல்லைவிட நூறு மடங்கு பேசும். இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பி.எஃப்., பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் இடத்தில் இ.எஸ்.ஐ. சட்டப்படி வர வேண்டும். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வாங்கி, ஆதாரோடு இணைத்து, மாதாமாதம் பணம் விழுகிறதா என்று போனில் பாருங்கள். "பி.எஃப். புடிச்சா கையில கம்மியா வரும்ணா, வேண்டாம்" என்று தாங்களே எழுதிக் கொடுத்துவிடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வீடு கட்டும் வயதில் அந்த முடிவு பலமாக இடிக்கும்.

காரணம், பி.எஃப். வருமானச் சான்று மட்டுமல்ல, முன்பணமும்கூட. ஐந்து ஆண்டு உறுப்பினராக இருந்தால் வீடு கட்ட 36 மாதச் சம்பளம் வரை, மனை வாங்க 24 மாதச் சம்பளம் வரை எடுக்க விதி இருந்தது. கணக்கில் இருக்கும் தொகையைப் பொறுத்து அது குறையும். 2025 அக்டோபரில் இ.பி.எஃப்.ஓ.வின் மத்திய அறங்காவலர் குழு இந்த விதிகளை எளிமையாக்கி, வீட்டுத் தேவை உட்படப் பகுதித் தொகை எடுக்க 12 மாதப் பணி போதும், கால் பங்கு இருப்பில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. எடுக்கும் முன் இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில் அன்றைய விதியைப் பாருங்கள். கம்பெனி மாறும்போது பழைய பணத்தைக் குளோஸ் பண்ணி எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். அப்போதுதான் ஆண்டுகள் சேரும்.

கடன் விண்ணப்பிக்கும் ஆண்டில் கம்பெனி மாற வேண்டாம். இருபத்தைந்து ரூபாய் ஷிப்டுக்குக் கூட வருகிறது என்று மாறினால் வங்கி கேட்பது ஒரே இடத்தில் எத்தனை மாதம் என்பதுதான். முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் கடன் அறிக்கையில் வராது. ஆனால் வாரம் பிடித்தம் போய்க் கணக்கில் விழும் சம்பளம் குறைந்துவிடும். ஆகவே முதலில் அதை அடையுங்கள். மகளிர் குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ், நகைக் கடன், போன் வாங்கிய இ.எம்.ஐ. எல்லாம் அறிக்கையில் வரும். மனைவியின் குழுவில் வேறொருவர் கட்டாமல் விட்டதும் பிரச்சினையாகலாம். விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே கணவன், மனைவி இருவரின் கடன் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசம்.

கூலிக்குத் தறி ஓட்டுகிறவரும் சைசிங், டிரான்ஸ்போர்ட் போன்ற சிறு தொழில் செய்பவரும் வருமான வரிக் கணக்கைத் தொடர்ந்து தாக்கல் செய்யுங்கள், வரி வராவிட்டாலும். வங்கி குறைந்தது இரண்டு ஆண்டுக் கணக்கைக் கேட்கும். கறிக்கோழி வளர்ப்பில் கம்பெனி ஒவ்வொரு பேட்சுக்கும் வளர்ப்புக் கூலியை வங்கியில் போடுவதால் அந்தக் கணக்கே நல்ல சான்று. ஒரு பேட்ச் தவறிய மாதங்களை மேனேஜர் கேட்பார், முழு ஆண்டு வரவைக் கூட்டிக் காட்டுங்கள். கொத்தனார், சென்ட்ரிங், பெயின்டர் வேலை செய்பவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவைப் புதுப்பித்து வைத்திருங்கள். சொந்த மனையில் வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் வரை உதவி அங்கே இருக்கிறது.

மனைத் தாள்கள்

சம்பளத்தால் நிற்கும் கடன்களைவிட மனைத் தாளால் நிற்கும் கடன்கள் கிராமத்தில் அதிகம். வங்கியின் மதிப்பீட்டாளர் வரும் நாளில் நீங்களும் மனையில் இருங்கள். அவர் டேப்பை விரித்து அளப்பார். கையில் புல வரைபடம் இருக்கும். பத்திரத்தில் "வடக்கே வண்டிப்பாதை" என்று இருக்கும். நேரில் பார்த்தால் பக்கத்துத் தோட்டத்துக் கம்பி வேலி பாதையை நாலடி விழுங்கியிருக்கும். மூலைக் கல் எங்கே என்பார், கல் இருக்காது. அவர் ஒன்றும் சொல்லாமல் குறிப்பு எழுதிக்கொண்டு போவார். இரண்டு வாரம் கழித்து "எல்லை தெளிவில்லை" என்று ஃபைல் திரும்பி வரும். இதைத் தவிர்க்க, விண்ணப்பிக்கும் முன்பே சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போகும் வழிக்குப் பத்திரத்தில் பாதை உரிமை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் பங்காளிப் பாதையை வாய்ச் சொல்லில் விடுவது வழக்கம். வங்கி அதை ஏற்காது.

பட்டா உங்கள் பெயரில், உட்பிரிவோடு இருக்க வேண்டும். கூட்டுப் பட்டாவானால் முதலில் பிரிவினை. மூலப் பத்திரம் தொடங்கி இன்றுவரை சங்கிலி அறாமல் வர வேண்டும். வழக்கறிஞர் 30 ஆண்டு வில்லங்கம் கேட்பார். அப்பா இறந்த பிறகு அண்ணன் தம்பி பேசிப் பிரித்துக்கொண்ட நிலத்தில் அக்கா தங்கையின் கையெழுத்து இல்லை என்பதுதான் இங்கே அதிகம் வரும் தடை. வாரிசுச் சான்றில் பெயர் உள்ள எல்லாரும் கையெழுத்திட வேண்டும். பிறந்த வீட்டுப் பெண்களுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு விடுதலைப் பத்திரம் வாங்குங்கள். மிரட்டி வாங்கியது நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்காது.

வாங்கப் போகும் மனை என்றால் நகர் ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) அப்ரூவல் எண்ணைக் கேளுங்கள். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. 2016 அக்டோபர் 20 வரை ஒரு மனையாவது விற்றுப் பதிவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. "ஊராட்சித் தலைவர் அப்ரூவல்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பஞ்சமி நிலம், பூமிதான நிலம், கோயில் நிலம் ஆகிய மூன்றும் விலை மலிவாகக் காதில் விழும். எந்த வங்கியும் தொடாது. பஞ்சமி நிலம் ஆதிதிராவிடர் மக்களுக்கு உரியது, அதை மற்றவர் வாங்குவது சட்டத்துக்கும் அறத்துக்கும் விரோதம்.

கட்ட அனுமதி இப்போது முன்பு போல் இழுப்பதில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கட்ட ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே அனுமதி பெறலாம். பத்திரம் மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோ இருக்கட்டும். 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. மத்திய அரசின் வீட்டுத் திட்டங்களும் பெண் பெயர் இருப்பதையே விரும்புகின்றன.

ராமநாதபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கமிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்கள் பலர் சொந்த ஊரில்தான் வீடு கட்ட நினைக்கிறார்கள். சம்பளத் தாள்கள் பல்லடத்திலும் மனை கடலோரத்திலும் இருப்பது தடையில்லை. பெரிய வங்கியானால் இங்கே விண்ணப்பித்து அங்கே மதிப்பீடு செய்யலாம். ஆனால் உயரலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் மனை இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை குறுக்கே நிற்கும். கடலை ஒட்டிய கிராமப் பகுதியில் புது வீட்டுக்கே தடையுள்ள இடங்கள் உண்டு. பாரம்பரிய மீனவக் குடும்பங்களுக்குத் தனி விதி. ஊராட்சி அனுமதி மட்டும் போதும் என்று நம்பி அடித்தளம் போட்டுவிடாதீர்கள். இன்னொன்று: ஊரில் அப்பா பெயரில் இருப்பதும் உங்கள் பெயரில் இருப்பதும் வேறு. திட்டங்கள் குடும்பம் என்று எண்ணுவது கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகளைத்தான்.

கையெழுத்துக்குப் பிறகு

"அரசு உத்தரவாதம் உள்ள கடன்" என்று சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களின் வீட்டுக் கடனுக்கான உத்தரவாத நிதியை நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 1,000 கோடியிலிருந்து 3,000 கோடியாக உயர்த்தினார்கள். அந்த உத்தரவாதம் வங்கிக்கு. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கும் வங்கி துணிந்து கொடுக்கட்டும் என்பதற்காக ஏற்பட்டது. தவணை தவறினால் வீட்டின் மேல் நடவடிக்கை வரவே செய்யும்.

வீடு கட்டும் கடன் மொத்தமாகக் கைக்கு வராது. உங்கள் பங்கை முதலில் போட்டு அடித்தளம் எழுப்பிய பிறகே வங்கி முதல் தவணையை விடும். பிறகு லின்டல், கான்கிரீட், பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். நடுவில் பணம் வர இரண்டு வாரம் தாமதமானால் கொத்தனார் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் கந்துவட்டிக்குள் விழுகின்றன. அடித்தளம் போடும்போதே இரண்டு வாரக் கட்டுமானச் செலவைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். கட்டும் மாதங்களில் வாடகையும் கடன் வட்டியும் சேர்ந்தே வரும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் எத்தனை சதுர அடி என்று முடிவு செய்ய வேண்டும். 700 சதுர அடியில் முடித்துக்கொண்டு மேல்தளத்துக்குக் கம்பி விட்டு வைப்பது, 1,200 சதுர அடியைப் பூசாமல் நிறுத்துவதைவிட நல்லது.

மாறும் வட்டியில் வாங்கிய தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. முழுக்கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. பத்திரத்தோடு பல்லடம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அடமான ரத்து ரசீதைப் பதிந்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.